லினக்ஸில் டயல்-அப் மோடம்: வேலையைக் கெடுக்கும் தவறுகள்

தொலைநகல் அனுப்பவோ, கிளை அலுவலக ரௌட்டரின் கன்சோலை (கட்டுப்பாட்டுத் திரையை) எட்டவோ, தொலைபேசிக் கம்பி வழியாகத் தரவைக் கடத்தும் மோடம் இன்றும் தேவைப்படுகிறது. அது லினக்ஸில் ஓடாமல் போனால் எல்லோரும் முதலில் அமைப்புக் கோப்பைத்தான் குடைகிறார்கள். கோளாறு பெரும்பாலும் வாங்கும்போதே வந்துவிடுகிறது.

பினாங்கு லோரோங் கூலிட் போன்ற பழைய பொருள் சந்தையில் பிசிஐ அட்டை மோடம் மலிவாகக் கண்ணில் பட்டால் எடுத்துவிடாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை வின்மோடம். தொலைபேசி ஒலியை எண்களாக மாற்றும் சில்லு மட்டுமே பலவற்றில் இருக்கும். மற்ற வேலையையெல்லாம் விண்டோஸ் டிரைவர், கணினியின் சிபியுவை வைத்துச் செய்யும். கோனெக்சன்ட் எச்எஸ்எஃப், லூசென்ட், ஸ்மார்ட்லிங்க் சில்லுகளுக்கு ஒரு காலத்தில் லினக்ஸ் டிரைவர்கள் இருந்தது உண்மைதான். ஆனால் அவை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் பழைய 2.4, 2.6 பதிப்புகளுக்காக எழுதப்பட்டவை. மூலநிரல் வெளியிடப்படாத பகுதிகளும் உள்ளே இருப்பதால், இன்றைய கெர்னலில் அவற்றைத் தொகுக்க முயல்வது வீண் வேலை.

நம்பி வாங்கக்கூடியவை இரண்டு வகை. ஆர்எஸ்-232 சீரியல் இணைப்பும் தனி மின் அடாப்டரும் உள்ள வெளி மோடமுக்கு டிரைவரே வேண்டாம். இன்னொன்று, சிடிசி-ஏசிஎம் என்ற பொது யுஎஸ்பி தரத்தைப் பின்பற்றும் யுஎஸ்பி மோடம். யுஎஸ் ரோபோடிக்ஸ் 5637 அப்படிப்பட்டது. செருகியதும் /டெவ்/டிடிஒய்ஏசிஎம்0 (/dev/ttyACM0) என்ற சாதனக் கோப்பு தோன்ற வேண்டும். யுஎஸ்பியிலும் வின்மோடம் உண்டு என்பதால், பெட்டியில் 'யுஎஸ்பி' என்று இருப்பதை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்கக் கூடாது.

சீரியல் மோடமுக்கு நேர்க்கம்பி கேபிள்தான் சரி. நல்-மோடம் கேபிளில் அனுப்பும் கம்பியும் பெறும் கம்பியும் குறுக்காக மாறியிருக்கும். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது, மோடம் மட்டும் வாய் திறக்காது. போர்ட் எண்ணிலும் கவனம் தேவை: விண்டோஸின் காம்1, லினக்ஸில் டிடிஒய்எஸ்0 (ttyS0), காம்2 என்பது டிடிஒய்எஸ்1.

தொலைபேசிக் கம்பியை மோடமின் 'லைன்' துளையில் செருகுங்கள், 'ஃபோன்' துளையில் அல்ல. கோலாலம்பூரிலும் பினாங்கிலும் யூனிஃபை ஃபைபர் வந்த வீடுகளில் தொலைபேசி ஒலி இணையப் பொட்டலங்களாகத்தான் போகிறது. பொட்டலம் தாமதித்தாலோ, ஒலி சுருக்கப்பட்டாலோ, எதிரொலி நீக்கி குறுக்கிட்டாலோ மோடமின் பேச்சு குலைந்துவிடும். இணைப்பு ஏற்பட்டுச் சில நொடிகளில் அறுந்தால் காரணம் இங்கே இருக்கலாம். அப்போது வேகத்தைக் கூட்டாமல், ஏடி+எம்எஸ் (AT+MS) கட்டளையால் நொடிக்கு 14,400 அல்லது 9,600 பிட்டுக்குக் குறைத்துப் பாருங்கள். 56 கே (நொடிக்கு 56,000 பிட்) எதிர்பார்ப்பதும் தவறு. மறுமுனை தொலைபேசி நிலையத்தோடு டிஜிட்டலாக இணைந்திருந்தால்தான் அது சாத்தியம். இரண்டு சாதாரண மோடம்களுக்கு இடையே உச்ச வேகம் 33,600.

இன்னும் செப்புக் கம்பி உள்ள இடமென்றால் இடியை மறக்காதீர்கள். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழையில் மின்னதிர்ச்சி தொலைபேசிக் கம்பி வழியாகவே மோடமைச் சுட்டுவிடும். மின் பிளக்கைப் பிடுங்கினால் போதாது, தொலைபேசிக் கம்பியையும் கழற்ற வேண்டும்.

இனி மென்பொருள். தொலைபேசி இணைப்பில் இணையத்தைக் கொண்டுவரும் பிபிபியைத் தொடுவதற்கு முன், மோடமோடு நேரடியாகப் பேச உதவும் மினிகாம் நிரலைத் திறந்து ஏடி (AT) என்று தட்டுங்கள். 'ஓகே' வராதவரை அடுத்த படிக்குப் போகவே கூடாது. அனுமதி மறுக்கப்பட்டால் டெபியன், உபுண்டுவில் பயனரை டயல்அவுட் (dialout) குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழையுங்கள்; ரூட்டாக ஓட்டிச் சமாளிக்காதீர்கள். போர்ட் வேறு எதனாலோ பிடிக்கப்பட்டிருப்பதாகச் செய்தி வந்தால் மோடம்மேனேஜர் சேவையைச் சந்தேகியுங்கள். யுஎஸ்பி மோடம் செருகப்பட்டதும் அது தானாகவே கட்டளைகளை அனுப்பிச் சோதிக்கும். அதை நிறுத்திவிட்டு மீண்டும் முயலுங்கள்.

'நோ டயல்டோன்' என்ற பதில்தான் இங்கே பலரையும் குழப்புவது. அமெரிக்க டயல் ஒலி 350, 440 ஹெர்ட்ஸ் கலந்தது. மலேசியாவில் 425 ஹெர்ட்ஸ். அமெரிக்காவுக்காக அமைக்கப்பட்ட மோடம் நம் ஒலியை அடையாளம் காணாமல் போகலாம். குரலஞ்சல் காத்திருக்கும்போது விட்டுவிட்டு ஒலிக்கும் டயல் ஒலியும் இதே பிழையைத் தரும். தொடக்கக் கட்டளையில் ஏடிஎக்ஸ்3 (ATX3) சேர்த்தால் மோடம் ஒலிக்குக் காத்திராமல் டயல் செய்யும். மறுமுனை பிஸி என்றால் அதையும் சொல்லும். அலுவலக பிஏபிஎக்ஸ் (உள் தொலைபேசி இணைப்பகம்) வழியாக வெளியே போக 9 அழுத்த வேண்டுமென்றால், எண்ணுக்கு முன்னால் 9 போட்டு ஒரு காற்புள்ளி வையுங்கள். வழக்கமான அமைப்பில் ஒரு காற்புள்ளி இரண்டு நொடி நிறுத்தம்.

சீரியல் வேகத்தை 56,000 என்று எழுதுபவர்கள் உண்டு. அது கம்பியில் போகும் வேகம். கணினிக்கும் மோடமுக்கும் இடையே 115,200 வையுங்கள், தரவுச் சுருக்கத்துக்கு அந்த இடைவெளி வேண்டும். கூடவே, ஒரு பக்கம் நிரம்பினால் மறுபக்கத்தை நிறுத்தச் சொல்லும் வன்பொருள் ஓட்டக் கட்டுப்பாடும் இயங்க வேண்டும். பிபிபி இணைப்பை நடத்தும் பிபிபிடி (pppd) நிரலில் அதற்கான விருப்பம் சிஆர்டிஎஸ்சிடிஎஸ் (crtscts). இது இல்லாவிட்டால் சிறு பக்கங்கள் வரும், பெரிய கோப்பு பாதியில் நிற்கும்.

இணைப்பு கிடைத்தும் எதுவும் திறக்கவில்லை என்றால் வைஃபையையோ ஈதர்நெட்டையோ பாருங்கள். இணையத்துக்குப் போகும் இயல்புப் பாதை ஒன்று அதில் முன்பே இருந்தால், டீஃபால்ட்ரூட் (defaultroute) என்று எழுதியிருந்தாலும் பிபிபிடி அதை மாற்றாது. பதிவில் ஒரு வரி சொல்லிவிட்டுப் போய்விடும். பழைய இணைப்பை இறக்கிவிட்டு டயல் செய்யுங்கள். ஐபி முகவரிக்குப் போக முடிந்து, தளப் பெயர் மட்டும் திறக்கவில்லையென்றால், மறுமுனை தரும் டிஎன்எஸ் முகவரியைக் கேட்டு வாங்கும் யூஸ்பியர்டிஎன்எஸ் (usepeerdns) விருப்பம் விடுபட்டிருக்கும்.