சிஸ்கோ சுவிட்சில் என்டிபி: ரீச் 377 வரும் வரை வேலை முடியவில்லை

கேட்டலிஸ்ட் 2960 போன்ற சுவிட்சுகளில் பேட்டரியோடு ஓடும் கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்தால் தேதி 1993 மார்ச் 1-க்குத் திரும்பிவிடும். அந்தத் தேதியில் பதிவாகும் லாக்கை (நிகழ்வுப் பதிவை) ஃபயர்வால் லாக்கோடு வைத்துப் பார்த்து, எந்த போர்ட் முதலில் விழுந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் என்டிபி: நெட்வொர்க் வழியாக ஒரு சர்வரிடம் நேரத்தைக் கேட்டு, சுவிட்ச் தன் கடிகாரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் முறை.

முதலில் நேர மண்டலம். கன்ஃபிகரேஷன் மோடில் "கிளாக் டைம்சோன் ஐஎஸ்டி 5 30" என்று கொடுங்கள். மணியும் நிமிடமும் இடைவெளி விட்ட தனித்தனி எண்கள், 5.30 என்று புள்ளி வைக்கக் கூடாது. அதன் பிறகே "கிளாக் செட்" கொண்டு நேரத்தைக் கையால் வையுங்கள். வரிசை மாறினால் நீங்கள் வைத்த நேரம் ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போகும்.

அடுத்து "என்டிபி சர்வர்" என்று எழுதி, பக்கத்தில் ஐபி முகவரி. ஒவ்வொரு சுவிட்சையும் இணையத்துக்குத் திறந்துவிட வேண்டாம். அலுவலகத்துக்குள் இருக்கும் என்டிபி சர்வர்களைக் காட்டினால் போதும். இந்தியாவில் அந்த சர்வர்கள் என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) அல்லது டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தைப் பின்பற்ற வேண்டும் என்பது அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-இல் பிறப்பித்த உத்தரவு. எத்தனை சர்வர்? இரண்டு வேண்டவே வேண்டாம். இரண்டும் வேறு வேறு நேரம் சொன்னால் எதை நம்புவதென்று சுவிட்சுக்குத் தெரியாது. மூன்று இருந்தால் பொய் சொல்வதை ஒதுக்கிவிடும். நான்கு இருந்தால் ஒன்று படுத்தாலும் கவலையில்லை.

"என்டிபி சோர்ஸ் விலான் 10" என்று மேனேஜ்மென்ட் விலானையும் (சுவிட்சை நிர்வகிக்க ஒதுக்கிய உள் நெட்வொர்க் பிரிவையும்) குறிப்பிடுங்கள்; 10 இருக்கும் இடத்தில் உங்கள் விலான் எண். பல விலான்களில் முகவரி உள்ள சுவிட்ச் வேறு முகவரியிலிருந்து கேட்டால், ஃபயர்வால் அதைத் தடுத்துவிடும்.

இனி "ஷோ என்டிபி அசோசியேஷன்ஸ்". இதில் பார்க்க வேண்டியது ரீச் என்ற பத்தி. கடைசி எட்டு முறை கேட்டதில் எவற்றுக்குப் பதில் வந்தது என்பதை அது எட்டடிமான எண்ணில் காட்டும்: 1, 3, 7, 17, 37, 77, 177, 377. 377 என்றால் எட்டுக்கும் பதில் வந்துவிட்டது. தொடக்கத்தில் 64 விநாடிக்கு ஒருமுறைதான் கேட்கும் என்பதால் பத்து நிமிடமாவது பொறுங்கள். இந்த இடத்தில்தான் பலர் அவசரப்பட்டு கன்ஃபிகரேஷனை அழித்துத் திரும்ப எழுதுகிறார்கள். எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். முகவரிக்கு முன்னால் நட்சத்திரக் குறி வந்தால், சுவிட்ச் அந்த சர்வரைத் தேர்ந்தெடுத்துவிட்டது.

ரீச் 0-விலேயே நின்றால் என்டிபி பயன்படுத்தும் யுடிபி 123 போர்ட் எங்கோ அடைபட்டிருக்கிறது, அல்லது ரூட்டிங் செய்யாத லேயர் 2 சுவிட்சில், வெளி நெட்வொர்க்குக்கு வழி காட்டும் "ஐபி டிஃபால்ட்-கேட்வே" விட்டுப்போயிருக்கிறது. 377 வந்தும் நட்சத்திரம் வரவில்லையா? ஸ்ட்ராட்டம் (மூல கடிகாரத்திலிருந்து எத்தனையாவது படி என்ற எண்) 16 என்றிருந்தால் அந்த சர்வருக்கே சரியான நேரம் கிடைக்கவில்லை. விண்டோஸ் டொமைன் கன்ட்ரோலரைக் காட்டியிருந்தால், அதன் ரூட் டிஸ்பெர்ஷன் (நேரத்தில் இருக்கக்கூடிய பிழையின் அளவு) அதிகமாக இருப்பதால் சுவிட்ச் ஏற்க மறுக்கலாம். லினக்ஸில் குரோனி என்ற என்டிபி மென்பொருள் ஓடும் சர்வருக்கு மாற்றிவிடுங்கள்.

நேரம் சரியான பிறகும் லாக் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியே வரலாம், அது யுடிசி (உலகப் பொது நேரம்). "சர்வீஸ் டைம்ஸ்டாம்ப்ஸ் லாக் டேட்டைம் எம்செக் லோக்கல்டைம் ஷோ-டைம்சோன்" என்ற வரியைச் சேர்த்து, எல்லாவற்றையும் சேமிக்க "ரைட் மெமரி" கொடுங்கள்.