உதிராத முசுபி

ஹவாயின் ஹோனலூலுவில் தோழிகள் சமையல் பேச்சில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டோம். ஒருத்திக்கு லோகோ மோகோதான் உயிர்: சுடுசோறு, மாட்டிறைச்சி வடை, அதன் மேல் பொரித்த முட்டை, எல்லாவற்றையும் நனைக்கும் கிரேவி. இன்னொருத்திக்குத் தேங்காய்ப்பாலில் செய்யும் ஹௌபியா இனிப்பு. எனக்கு ஸ்பாம் முசுபி: அழுத்திய சோற்றின் மேல் ஸ்பாம் என்ற டப்பா இறைச்சித் துண்டை வைத்து, நோரி என்ற காய்ந்த கடற்பாசித் தாளால் சுற்றியது. ஆனால் நான் வீட்டில் செய்தால் ஒரு கடியிலேயே சோறு உதிர்ந்து மடியில் விழும்.

ஹவாயின் ஹீலோ ஊரில் பிறந்த தோழி என் பாத்திரத்தைத் திறந்து பார்த்து, "இது பாஸ்மதி ஆச்சே!" என்றாள். அதுவும் முந்தின நாள் சோறு, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தது. நீள அரிசி ஆறினால் பருக்கை பருக்கையாகப் பிரிந்துவிடும். பிரியாணிக்கு அது அழகு, முசுபிக்கு ஆகாது.

அடுத்த முறை, வெந்தால் ஒட்டிக்கொள்ளும் கால்ரோஸ் அரிசி வாங்கினேன். தண்ணீர் தெளியும்வரை கழுவி, அரை மணி நேரம் ஊறவைத்து, குழையாமல் வேகவைத்தேன். ஸ்பாமை 8 துண்டாக்கி வறுத்து, சோயா சாஸும் சர்க்கரையும் சம அளவு ஊற்றிப் பளபளவென்று சுண்டவிட்டேன். காலி ஸ்பாம் டப்பாவுக்குள் பிளாஸ்டிக் தாளை விரித்தால் அதுவே அச்சு. சோறு சூடாக இருக்கும்போதே ஈரக் கரண்டியால் அழுத்த வேண்டும். அப்புறம் அச்சிலிருந்து எடுத்து, மேலே ஸ்பாம் துண்டை வைத்து, நோரியின் சொரசொரப்பான பக்கம் சோற்றைத் தொடும்படி சுற்றி, ஒட்டிய இடம் கீழே இருக்க 5 நிமிடம் வைத்தேன். சோற்றின் ஆவியில் நோரி இளகி இறுகப் பிடித்துக்கொண்டது. குறுக்கே வெட்டினேன், ஒரு பருக்கைகூடச் சிந்தவில்லை.