புதிய ஹெட்ஃபோனுக்குச் சவுண்ட் கார்டும் ஆம்ப்ளிஃபயரும் தேர்ந்தெடுப்பது எப்படி?

நல்ல ஹெட்ஃபோன் ஒன்றைப் புதிதாக வாங்கியவர்களுக்கு, கணினியில் அதை அப்படியே செருகிக் கேட்டால் போதுமா, தனியாகச் சவுண்ட் கார்டும் ஆம்ப்ளிஃபயரும் வேண்டுமா என்ற ஐயம் எழுவது இயல்பு. திருநெல்வேலி சந்திப்பிலோ வண்ணார்பேட்டையிலோ உள்ள கடைக்குப் போய் அண்ணாச்சியிடம் விலை கேட்பதற்கு முன்னால், வீட்டிலேயே செய்ய வேண்டிய ஒரு சோதனையும் ஒரு சிறு கணக்கும் உள்ளன. அவற்றைச் செய்யாமல் நான் தவறான கருவியை வாங்கியதுண்டு.

எங்கள் ஊர்க் கோயில் கொடை விழாவில் பதிவு செய்த வில்லுப்பாட்டை 250 ஓம் மின்தடை கொண்ட ஹெட்ஃபோனில் கேட்டபோது, ஒலி சன்னமாக இருந்ததோடு, புலவர் பாட்டை நிறுத்தி மூச்சு வாங்கும் இடங்களில் மெல்லிய 'கிர்ர்' என்ற இரைச்சலும் கேட்டது. மவுஸை நகர்த்தினால் அந்த இரைச்சலின் சுருதி மாறியது. ஒலி போதவில்லை என்பதை மட்டும் கருதி ஓர் ஆம்ப்ளிஃபயரை வாங்கிக் கணினியின் பச்சை நிற ஹெட்ஃபோன் துளையில் இணைத்தேன். குடமும் உடுக்கையும் எழும்பி வந்தன; கூடவே அந்த இரைச்சலும் அதே அளவுக்கு எழும்பி வந்தது. ஆம்ப்ளிஃபயர் தன்னிடம் வருவது அனைத்தையும் பெருக்கும். எது பாட்டு, எது இரைச்சல் என்று பிரித்துப் பார்க்கும் வேலை அதற்கு இல்லை. இரைச்சலுக்கு மருந்து வெளியே வைக்கும் சவுண்ட் கார்டு, ஒலி போதாமைக்கு மருந்து ஆம்ப்ளிஃபயர் என்பது அன்று எனக்குத் தெரியாது.

முதல் படி: இரைச்சலைச் சோதியுங்கள்

பாட்டு எதையும் ஓடவிடாமல், ஹெட்ஃபோனைக் காதிலிருந்து கழற்றிவிட்டு ஒலியளவை முழுமைக்கு ஏற்றுங்கள். பிறகு மெதுவாகக் காதருகே கொண்டுவந்து, பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்தும் இணையப் பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தியும் பாருங்கள். கேபினட்டின் முன்பக்கத் துளையில் இரைச்சல் கேட்டால், அதே சோதனையைப் பின்பக்கத் துளையிலும் செய்யுங்கள். முன்பக்கத்துக்குப் போகும் ஒயர் கேபினட்டின் உள்ளே கிராஃபிக்ஸ் கார்டை ஒட்டிச் செல்வதால், பல நேரங்களில் பின்பக்கத்துக்கு மாற்றியதுமே குறை நீங்கிவிடும். அப்படி நீங்கினால் செலவே இல்லை. நீங்காவிட்டால் யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு ஒன்றை வாங்கலாம். எண்களாக இருக்கும் இசையை மின்னலையாக மாற்றும் வேலை கேபினட்டுக்கு வெளியே நடப்பதுதான் அதன் முதன்மைப் பயன். ஆர்வலர்கள் இதனையே டாக் (DAC) என்று அழைக்கிறார்கள்.

புளூடூத் ஹெட்ஃபோன் வைத்திருப்பவர்களுக்கு இவை எதுவும் தேவையில்லை. மாற்றுவதும் பெருக்குவதும் அந்த ஹெட்ஃபோனுக்கு உள்ளேயே நடந்துவிடுகின்றன.

இரண்டாம் படி: அட்டைப்பெட்டியில் உள்ள இரண்டு எண்கள்

ஹெட்ஃபோன் வந்த பெட்டியிலோ விவரக்குறிப்பிலோ ஓம் என்று ஓர் எண்ணும், டெசிபல் என்று ஓர் எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். முன்னது மின்தடை, பின்னது ஒரு மில்லிவாட் ஆற்றல் கொடுத்தால் எவ்வளவு சத்தம் வரும் என்பதைச் சொல்லும் உணர்திறன். ஓம் கூடினால் ஆம்ப்ளிஃபயர் கட்டாயம் என்று பொதுவாகச் சொல்வார்கள். இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

பாட்டின் உச்ச இடங்களுக்கு 110 டெசிபல் வரை இடம் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் பத்து மடங்கு ஆற்றல் வேண்டும். 32 ஓமும் 100 டெசிபலும் உடைய சாதாரண ஹெட்ஃபோனுக்கு 10 மில்லிவாட் போதும். அதற்கு ஏறத்தாழ 0.57 வோல்ட் ஆகும். பல மடிக்கணினிகள் ஒரு வோல்ட் அளவுக்குத் தருவதால் இங்கே ஆம்ப்ளிஃபயர் வீண் செலவு. பையர்டைனமிக் டிடி 990 ப்ரோ 250 ஓம், 96 டெசிபல் கொண்டது. அதற்கு 14 டெசிபல் கூடுதலாக வேண்டும், அதாவது 25 மில்லிவாட். மின்னழுத்தமாகக் கணக்கிட்டால் 2.5 வோல்ட். மடிக்கணினியின் துளை இங்கே திணறும். ஹைஃபைமேன் எச்இ-6 என்ற ஹெட்ஃபோனோ வெறும் 50 ஓம்தான். ஆனால் உணர்திறன் 83.5 டெசிபல் என்பதால் 450 மில்லிவாட்டுக்கு அருகில் கேட்கிறது. ஓம் குறைவு என்று நம்பி இதை வாங்கியவர் ஏமாந்துபோவார்.

கணக்குப் போடும் முறை எளிது: மில்லிவாட்டை ஆயிரத்தால் வகுத்து, ஓமால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்தால் வோல்ட் கிடைக்கும். சில நிறுவனங்கள் உணர்திறனை ஒரு மில்லிவாட்டுக்குச் சொல்லாமல் ஒரு வோல்ட்டுக்குச் சொல்கின்றன. எதற்கு என்பதைப் படித்துப் பார்க்காமல் கணக்கில் இறங்க வேண்டாம்.

மூன்றாம் படி: வெளியீட்டு மின்தடை

தொடக்கநிலையில் உள்ளவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். கருவியின் வெளியீட்டு மின்தடை, அதாவது ஹெட்ஃபோன் துளையின் பக்கம் அந்தக் கருவிக்கே உள்ள மின்தடை, ஹெட்ஃபோனின் ஓம் எண்ணில் எட்டில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது. 32 ஓம் ஹெட்ஃபோனுக்கு 4 ஓம் வரை போகலாம். சில மதர்போர்டுகளில் இது 50 ஓமையும் தாண்டுகிறது. டைனமிக் வகை ஹெட்ஃபோன்கள் பலவற்றின் மின்தடை தாழ்ந்த ஒலிகளுக்கு உயர்வதால், அத்தகைய துளையில் செருகினால் அந்த ஒலிகள் மட்டும் வீங்கிக் கேட்கும். வில்லுப்பாட்டுப் பதிவில் இதை எளிதாக அறியலாம். குடத்தின் வாயில் விழும் அடி 'தொம்' என்று விழுந்து உடனே அடங்க வேண்டும். வீசுகோல் பட்டதும் வில்லில் கட்டிய மணிகள் தனித்தனியாகக் கேட்க வேண்டும். குடத்தின் ஒலி பருத்து மணிகளின் மேல் படிந்தால், வெளியீட்டு மின்தடையைச் சந்தேகியுங்கள்.

நான்காம் படி: வாங்குவதும் இணைப்பதும்

இரைச்சலும் ஒலிக்குறைவும் சேர்ந்தே இருந்தால், டாக்கும் ஆம்ப்ளிஃபயரும் ஒன்றாக அமைந்த ஒரே பெட்டியை வாங்குவதையே பரிந்துரைப்பேன். ஒயர்கள் குறையும், தவறாக இணைக்கவும் வழியில்லை. விவரக்குறிப்பில் 'உங்கள் ஓமுக்கு இத்தனை மில்லிவாட்' என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்; 32 ஓமுக்குக் காட்டிய பெரிய எண் 300 ஓமுக்குப் பொருந்தாது. ஒலியின் நுணுக்கத்தைக் குறிக்கும் 384 கிலோஹெர்ட்ஸ், 32 பிட் போன்ற எண்களுக்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. குறுந்தட்டின் (சி.டி.) அளவே 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்தான். தனித்தனியாக வாங்கினால், டாக்கின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து எடுக்காமல் வேறு கருவிக்கு ஒலியை அனுப்புவதற்கென்றே உள்ள லைன் அவுட் துளையிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்கு இணையுங்கள். வீட்டு ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளில் ஹெட்ஃபோனை ஒருபோதும் இணைக்கக் கூடாது.

இணைத்த பின், கணினியின் ஒலி அமைப்பில் புதிய கருவியைத் தேர்ந்தெடுத்து, கணினியின் ஒலியளவை முழுமையில் வைத்துவிட்டு, ஆம்ப்ளிஃபயரின் குமிழைச் சுழியத்திலிருந்து மெல்லத் திருப்புங்கள். எத்தனை மடங்கு பெருக்க வேண்டும் என்பதை மாற்றும் கெய்ன் பொத்தான் இருந்தால் குறைந்த நிலையிலேயே தொடங்குங்கள். வயதுவந்தவர்கள் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் 80 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். நாம் கணக்கிட்ட 110 டெசிபல், நொடிப்பொழுதில் வந்துபோகும் உச்சங்களுக்கான இடம் மட்டுமே. குமிழ் பாதியைத் தாண்டாமலேயே புலவரின் குரல் போதுமான அளவுக்கு வந்து, அவர் மூச்சு வாங்கும் இடத்தில் கொடைப் பந்தலின் சலசலப்பு மட்டும் கேட்டால், நீங்கள் வாங்கியது சரியான பெட்டி.