வருமானமில்லாத மாற்றுத்திறனாளி தாய் பிள்ளைக்கு ஜீவனாம்சம் கேட்பது எப்படி

ஜீவனாம்ச மனு எழுதும்போதே பிள்ளையைத் தனி மனுதாரராகச் சேர்க்க வக்கீலிடம் சொல்லுங்கள். முதல் மனுதாரர் நீங்கள். இரண்டாம் மனுதாரர் மைனர் பிள்ளை, அவருக்குப் பாதுகாவலராகவும் நீங்களே. இருவருக்கும் தனித்தனித் தொகை கேட்க வேண்டும். மனைவியின் கோரிக்கையை உடைக்கக் கணவர் தரப்பு பல காரணங்கள் சொல்லும்: காரணமின்றிப் பிரிந்து போனாள், பேசித்தான் பிரிந்தோம் என்று. அதில் எதுவும் பிள்ளையின் உரிமையைத் தொடாது. முறைப்படி திருமணம் நடக்காவிட்டாலும் பிள்ளை கேட்கலாம்.

சட்டம் 2024 ஜூலை 1 முதல் மாறியிருக்கிறது. ஜீவனாம்சம் பற்றிய பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, இப்போது அதன் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு. எந்த மதத்தவரும் இதன்கீழ் கேட்கலாம். குடும்பநல நீதிமன்றம் உள்ள ஊரில் அங்கேயும், இல்லாத ஊரில் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்திலும் மனு போடலாம். கணவர் இருக்கும் ஊருக்கு நீங்கள் அலைய வேண்டியதில்லை, இப்போது நீங்கள் வசிக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம். அடி உதையும் இருந்தால் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் வழியாகவும் பிள்ளைக்குப் பணம் கேட்க முடியும். ஒரே தொகையை இரண்டு இடத்தில் வாங்க முடியாது, ஆகவே ஒரு வழக்கு இருப்பதை மற்றதில் மறைக்காதீர்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12-ஆம் பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் மூவருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. நீங்கள் இதில் எல்லா வகையிலும் வருகிறீர்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்திலோ வட்ட அளவிலான குழுவிலோ மனு கொடுக்கலாம்; போக முடியாவிட்டால் 15100 எண்ணை அழையுங்கள். நியமிக்கப்பட்ட வக்கீல் பணம் கேட்டால் அதே அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து வேறொருவரைக் கேளுங்கள்.

வழக்கின் உயிர் சொத்து, வருமானம் பற்றிய பிரமாணப் பத்திரத்தில் இருக்கிறது. 2020-இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இரு தரப்புக்கும் கட்டாயமாக்கியது. கணவரும் நிரப்பியாக வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். வருமானம் ‘இல்லை’ என்று எழுதிவிட்டு மாதச் செலவு இருபதாயிரம் என்று போட்டால், குறுக்கு விசாரணையில் முதல் கேள்வி, ‘அப்போது யார் கொடுக்கிறார்கள்?’ என்பதுதான். அம்மா வீட்டு அரிசி, அண்ணன் கட்டும் பள்ளிக் கட்டணம், மகளிர் குழுவில் வாங்கிய கடன் எல்லாவற்றையும் அப்படியே எழுதுங்கள். அரசின் மாற்றுத்திறனாளி உதவித்தொகை, மகளிர் உரிமைத் தொகை வந்தால் அதையும் காட்டுங்கள். அந்தச் சிறு தொகையால் வழக்கு தோற்காது. மறைத்தது பாஸ்புக்கில் தெரிந்தால் உங்கள் மற்ற வார்த்தைகளின் மதிப்பும் போய்விடும்.

உடல்நிலையை அனுதாபத்துக்காக எழுதாதீர்கள், செலவாக எழுதுங்கள். பிசியோதெரபி, சக்கர நாற்காலி பழுது, பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துப்போகும் ஆட்டோ, நீங்களே செய்ய முடியாத வேலைக்கு வைத்த ஆள் என ஒவ்வொன்றுக்கும் மாதத் தொகை போட்டு ரசீது இணையுங்கள். மனைவி, பிள்ளையின் கடுமையான ஊனத்தையும் அதனால் வரும் தொடர் செலவையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது அதே தீர்ப்பில் இருக்கிறது. யுடிஐடி அட்டை (மாற்றுத்திறனாளிக்கான தனி அடையாள அட்டை), ஊனச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு விவரம், தாசில்தாரின் வருமானச் சான்று ஆகியவை கையில் இருக்கட்டும்.

‘எனக்கு வேலையில்லை’ என்று கணவர் சொன்னால் பதறாதீர்கள். உடல் வலு உள்ளவர் கூலி வேலை செய்தாவது காப்பாற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் அஞ்சு கார்க் வழக்கில் சொல்லியிருக்கிறது. ஆனாலும் தொகை உயர ஆதாரம் வேண்டும். நிலம் இருந்தால் சர்வே எண்ணை வைத்துப் பட்டா விவரம், வில்லங்கச் சான்று எடுங்கள். வேலை செய்யும் இடம் தெரிந்தால் அங்கிருந்து சம்பளச் சான்றை வரவழைக்க நீதிமன்றத்தில் மனு கொடுக்கச் சொல்லுங்கள். அவருடைய சரியான வீட்டு முகவரியோடு வேலையிட முகவரியும் கொடுங்கள். நோட்டீஸ் ‘ஆள் இல்லை’ என்று திரும்பினாலே வாய்தா மேல் வாய்தாவாக மாதங்கள் ஓடிவிடும்.

பிரதான மனுவோடு இடைக்கால ஜீவனாம்ச மனுவையும் அன்றே போடுங்கள். நோட்டீஸ் சேர்ந்து 60 நாட்களுக்குள் முடிந்தவரை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம், நடைமுறையில் தாமதமாகலாம். ஆனால் ஜீவனாம்சம் மனுத் தேதியிலிருந்தே கணக்காக வேண்டும் என்று ரஜ்னேஷ் தீர்ப்பு சொல்வதால், எல்லாக் காகிதமும் சேரட்டும் என்று காத்திருப்பது நஷ்டம்.

‘உன்னால் பிள்ளையை வளர்க்க முடியாது, என்னிடம் விடு’ என்ற மிரட்டல் கிட்டத்தட்ட எப்போதும் வரும். இதற்குப் பயந்துதான் பல தாய்மார்கள் மனுவே போடுவதில்லை, அதுதான் நெஞ்சை வலிக்கச் செய்கிறது. பிள்ளை யாரிடம் என்பது வேறு மனு, வேறு விசாரணை. அங்கு பார்ப்பது பிள்ளையின் நலன். ஊனம் மட்டுமே அதைத் தீர்மானிக்காது. தடுப்பூசி அட்டை, பள்ளி வருகைப் பதிவு, மதிப்பெண் அட்டை ஆகியவற்றைப் பத்திரமாக வையுங்கள். படியேற முடியாவிட்டால் தரைத்தள அறையோ காணொலி விசாரணையோ கேட்டு முன்கூட்டியே மனு கொடுங்கள். சைகை மொழிபெயர்ப்பாளரையும் இப்படியே கேட்கலாம்.

நீதிமன்ற ஆலோசகர் முன் சமரசம் பேசும்போது பிள்ளையின் பங்கை ஒட்டுமொத்தத் தொகைக்கு விட்டுக்கொடுக்காதீர்கள். மாதத் தேதி, வங்கிக் கணக்கு, ஆண்டுதோறும் எத்தனை சதவீத உயர்வு என்பது உத்தரவிலேயே எழுதப்பட வேண்டும்.

உத்தரவு வந்தும் பணம் வராவிட்டால், பாக்கி விழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் நிறைவேற்று மனு போட்டாக வேண்டும். தவறினால் இந்த வழியில் அந்த மாதப் பணத்தை வசூலிக்க முடியாது. ஆகவே மூன்று மாதம் நின்றதுமே போடுங்கள். வாரண்ட் பிறப்பித்தும் கட்டாவிட்டால் சிறை உண்டு. சிறை சென்றாலும் பாக்கி தீராது. ஐயாயிரத்துக்கு இரண்டாயிரம் கொடுத்து ‘முழுத் தொகையும் பெற்றேன்’ என்று கையெழுத்துக் கேட்பார்கள். போடாதீர்கள்.

செலவு கூடினால் அதே சன்ஹிதாவின் 146-ஆம் பிரிவில் தொகையை உயர்த்தக் கேட்கலாம். பிள்ளையும் மாற்றுத்திறனாளியாக இருந்து, தன்னைத்தானே காத்துக்கொள்ள முடியாவிட்டால், 18 வயது முடிந்தாலும் உரிமை நிற்காது. மணமான மகளுக்கு மட்டும் இது பொருந்தாது.