நர்சரி கிளாஸுக்கு சாமான் செலவ குறைக்கிறது எப்படி?

புதுசா ப்ளே ஸ்கூல், நர்சரில டீச்சரா சேந்தவங்களுக்காக எழுதுறேன். ஜூன்ல ஸ்கூல் தெறக்கும்போது சொந்த சம்பளத்துல இருந்து ஃப்ளாஷ் கார்டு, க்ளே, பசைன்னு வாங்கி அடுக்குறாங்க, கொஞ்ச நாள்ல பாதி தீந்து போயிருது. என் கணக்கு என்னன்னா, தீந்து போற சாமான நாமளே செஞ்சுக்கணும், வருஷக்கணக்கா ஒழைக்கிறதுக்கு மட்டும்தான் காசு போடணும்.

மொதல்ல கிளாஸ் அலமாரிய மொத்தமா எறக்கி என்ன இருக்குன்னு எழுதிருங்க. அத பாக்காம கடைக்குப் போகாதீங்க.

ரெண்டாவது, தினசரி காலண்டர். தை பொறக்கிறதுக்குள்ள எல்லா வீட்லயும் ஒண்ணாவது தொங்கும், கிழிக்கிற தாள ஒரு கவர்ல போட்டு வைக்கச் சொல்லி அம்மாக்கள்கிட்ட கேளுங்க. மாசத்துக்கு ஒரு வீட்ல இருந்து 1 முதல் 30, 31 வரைக்கும் பெரிய எழுத்துல நம்பர் செட் வந்துரும், வெட்டி அட்டைல ஒட்டினா நம்பர் கார்டு ரெடி. பழைய காலண்டரோட கெட்டி அட்டையும் வேணும், அடுத்த வேலைக்கு அதுதான்.

மூணாவது, தடவிப் பாத்து படிக்கிற எழுத்து. சின்னப் பிள்ளைங்க படிப்புக்கு தனி முறை கொண்டு வந்த இத்தாலிக்காரங்க மரியா மாண்டிசோரி, 1939ல அடையாறுக்கு வந்து இங்க டீச்சர்களுக்கு பயிற்சி குடுத்தவங்க, அவங்க முறைல உப்புத்தாள் எழுத்துதான் உயிர். கடைல செட்டா வாங்கினா வெல ஜாஸ்தி, ஹார்டுவேர் கடைல நைஸ் உப்புத்தாள் (120 இல்லனா 150 நம்பர்) சில்லறை காசுதான். தாளோட பின்பக்கம் எழுத்த கண்ணாடில தெரியுற மாதிரி திருப்பி வரையணும், அப்பதான் சொரசொரப்பு மேல வரும்போது எழுத்து நேரா இருக்கும். வெட்டுறதுக்கு பழைய கத்திரி எடுங்க, நல்லது மழுங்கிரும். ட, ப ரெண்டும் நேர்கோடு, அதுல ஆரம்பிங்க, அ, இ எல்லாம் கை பழகினப்புறம். காலண்டர் அட்டைல ஃபெவிகால் போட்டு ஒட்டி, மேல புத்தகம் வச்சு ஒரு ராத்திரி விடுங்க. பிள்ளைங்க விரல் வச்சு எழுத்து மேல போகும்போது அவங்க முகத்த பாருங்க, அவ்ளோ சந்தோஷமா இருக்கும்.

நாலாவது, க்ளே மாவு. 2 டம்ளர் மைதா, 1 டம்ளர் பொடி உப்பு, 2 பெரிய ஸ்பூன் எண்ணெய், அரை எலுமிச்சம்பழச் சாறு, 2 டம்ளர் தண்ணி. கட்டி இல்லாம கரைச்சு சின்ன தீயில கிண்டுங்க, அல்வா மாதிரி சட்டில ஒட்டாம சுருண்டு வரும், எறக்கி ஆறினதும் பெசைங்க. கலருக்கு மஞ்சத்தூள், பீட்ரூட் சாறு போதும். இறுக்கமான டப்பால வச்சா சில வாரம் தாங்கும், மழைக்காலத்துல உப்பு ஈரம் இழுத்து பிசுபிசுக்கும், அப்ப கொஞ்சம் மைதா தூவி பெசைஞ்சுக்கலாம், பூஞ்சை தெரிஞ்சா யோசிக்காம தூக்கிப் போடுங்க. உப்பு நெறைய இருக்கு, அதனால வாயில போடாம பாத்துக்கணும்.

பசையும் மைதா காய்ச்சினதுதான், ஆனா போஸ்டர் ஒட்டுறவங்க, பைண்டிங் பண்றவங்க பூச்சி வராம இருக்க மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) போடுவாங்க. அது விஷம், பிள்ளைங்க பசைல ஒரு சிட்டிகை கூட வேணாம். அப்பப்ப தேவைக்கு மட்டும் காய்ச்சிக்கோங்க.

எண்ண புளியங்கொட்டை நல்லது, கழுவிக் காய வச்சு குடுங்க, ஆனா 3 வயசுக்கு கீழ உள்ளவங்களுக்கு குடுக்கவே கூடாது, தொண்டைல சிக்கிரும், அவங்களுக்கு பெரிய பாட்டில் மூடியோ மரக்கட்டையோ போதும். பிள்ளையார் கண்ணுக்கு வைக்கிற குண்டுமணி பாக்க அழகா இருக்கு, அதையும் ஆமணக்கு விதையையும் எந்த வயசுக்கும் கிளாஸுக்குள்ளயே கொண்டு வராதீங்க, ரெண்டுமே விஷ விதை.

இப்ப காசு எங்க போடணும்னா, முனை மழுங்கின கத்திரி, நல்ல க்ரயான்ஸ், மர ப்ளாக்ஸ். இதுல சிக்கனமே பாக்காதீங்க. பொம்மை வாங்கினா ஐஎஸ்ஐ முத்திரை இருக்கான்னு பாருங்க, 2021 ஜனவரில இருந்து அது கட்டாயம். சார்ட், கலர் பேப்பர் மட்டும் பக்கத்து ஸ்கூல் டீச்சர்கள சேத்துக்கிட்டு மொத்தமா வாங்குங்க, சென்னைனா பாரிஸ் ஆண்டர்சன் தெரு, மத்த ஊர்ல பஜார்ல இருக்கிற பேப்பர் மொத்தக் கடை. போகும்போது அலமாரி லிஸ்ட கைல எடுத்துட்டுப் போங்க.