மூணு புள்ளிக்கு நாலு இடம்: வினாத்தாளின் நம்பகத்தைக் கணிப்பது எப்படி

தேர்ச்சி அறிக்கை கொடுத்த அன்று ஒரு தாய் வந்து நின்றா. "ரீச்சர், என்ட புள்ள 25, மற்றப் புள்ள 28. மூணு புள்ளிக்கு நாலு இடம் பின்னுக்குப் போயிட்டானே?" எனக்கு வாய் எழும்பவில்லை. தரம் 9 விஞ்ஞானம், 40 பல்தேர்வு வினா, 34 பிள்ளைகள். விடைத்தாள் கட்டை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு மண்முனைப் பாலத்தால் ஆரையம்பதிக்கு வந்தேன். இரவு செய்த கணக்கு இது: வினாத்தாளின் நம்பகம், அதாவது இதைப்போன்ற இன்னொரு தாளைக் கொடுத்தாலும் புள்ளிகள் எவ்வளவுக்கு மாறாமல் வரும் என்பது.

எக்செல்லில் பிள்ளைக்கு ஒரு வரிசை, வினாவுக்கு ஒரு நிரல். சரி என்றால் 1, பிழை என்றால் 0. மொத்தப் புள்ளியை மட்டும் பதிந்தால் இந்தக் கணக்குச் செய்ய ஏலாது. பிறகு ஒற்றை எண் வினாக்களைத் தனியாகவும் இரட்டை எண் வினாக்களைத் தனியாகவும் கூட்டுங்கள். முதல் 20, கடைசி 20 என்று பிரிக்க வேண்டாம். கஷ்டமான வினாக்கள் பின்னுக்குத்தான் கிடக்கும், கை மெதுவான பிள்ளைகள் அவற்றைத் தொடாமலே விட்டிருப்பார்கள். ஒரே மின்சுற்றுப் படத்தை வைத்துக் கேட்ட இரண்டு வினாக்களை ஒரே பாதிக்குள் போடுங்கள். பிரித்தால் நம்பகம் பொய்யாக ஏறும்.

இரண்டு கூட்டுத்தொகைகளுக்கும் இணைபுக் குணகம் எடுங்கள்: ஒரு பாதியில் கூடப் புள்ளி எடுத்த பிள்ளை மற்றப் பாதியிலும் கூட எடுத்திருக்கிறதா என்று காட்டும் எண், முழுதாகப் பொருந்தினால் 1. எனக்கு 0.6 வந்தது. அது 20 வினாத் தாளின் நம்பகம். 40 வினாவுக்கு: 0.6ஐ இரட்டித்து, ஒன்றோடு 0.6ஐக் கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். 1.2 ÷ 1.6 = 0.75. ஸ்பியர்மன், பிரவுன் என்ற உளவியலாளர்கள் 1910இல் தனித்தனியே வெளியிட்ட சூத்திரம். எப்படிப் பிரிப்பது என்ற தலையிடியே வேண்டாம் என்பவர்களுக்கு குரோன்பாக்கின் அல்பா (1951) என்ற நம்பகக் குணகம் இருக்கிறது; அது தாளைப் பாதியாக்காமல் எல்லா வினாக்களையும் சேர்த்தே கணிக்கும்.

இனித்தான் தாய்க்கான பதில். மொத்தப் புள்ளிகளின் நியம விலகல், அதாவது வகுப்பின் புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவுக்குச் சிதறிக் கிடக்கின்றன என்று காட்டும் எண், 8. ஒன்றிலிருந்து 0.75ஐக் கழித்தால் 0.25, வர்க்கமூலம் 0.5. எட்டை அதால் பெருக்க 4. இது அளவீட்டின் நியம வழு: ஒரு பிள்ளையின் புள்ளி உண்மையான நிலையிலிருந்து வழமையாக எவ்வளவு விலகலாம் என்பது. 25 எடுத்த பிள்ளையின் உண்மையான நிலை 21க்கும் 29க்கும் இடையில் எங்கும் இருக்கலாம். அந்த எல்லைக்கு வெளியே கிடக்கவும் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இரண்டு பிள்ளைகளை ஒப்பிடும்போது வழு இன்னும் கூடும், ஏறத்தாழ 5.7. மூணு புள்ளி அதற்குள் கரைந்துபோகும்.

நம்பகத்தைக் கூட்ட, கெட்டிக்காரர் பிழைவிட்டு மற்றவர்கள் சரியாகப் போட்ட வினாக்களைத் தேடுங்கள். எனக்கு ஒன்று அகப்பட்டது: விடைப்பட்டியலில் நானே பிழையான எண்ணை எழுதியிருந்தேன்! இதே தன்மையான இன்னும் 40 வினா சேர்த்தாலும் 0.86 தான் வரும். பிள்ளைகள் அவ்வளவு நேரம் குந்தியிருக்க மாட்டார்கள். நம்பகம் கூடினால் விஞ்ஞானத்தைத்தான் அளந்தோம் என்றும் எண்ண வேண்டாம். நீட்டி நீட்டி எழுதிய வினாக்கள் விஞ்ஞானத்தை விட்டுவிட்டு வாசிப்புத் திறனையே மாறாமல் அளந்துகொண்டிருக்கும்.

அடுத்த கிழமை தாயைக் கூப்பிட்டு, கடதாசியில் இரண்டு பிள்ளைகளின் எல்லைகளையும் ஒன்றின்மேல் ஒன்று படியும் இரண்டு கோடாகக் கீறிக் காட்டினேன். பார்த்துவிட்டுக் கேட்டா: "அப்ப முதலாம் புள்ள 36, ரெண்டாம் புள்ள 35. அதுவும் இப்படித்தானா ரீச்சர்?"

அதுவும் இப்படித்தான் என்றேன். பரிசுக் கேடயத்தில் பெயர் வெட்டி முடிந்திருந்தது.