எலியட்டைப் பின்னாலிருந்து படிக்காதீர்கள்

ஆங்கிலக் கவிஞர் டி.எஸ். எலியட்டின் ‘தி வேஸ்ட் லேண்ட்’ என்ற நீண்ட கவிதையை எடுத்ததும் பலர் செய்கிற முதல் வேலை, கடைசிப் பக்கங்களில் உள்ள குறிப்புகளுக்குத் தாவுவது. 1922 அக்டோபரில் அவருடைய ‘கிரைட்டீரியன்’ இதழில் கவிதை வெளிவந்தபோது குறிப்புகளே கிடையாது. டிசம்பரில் நியூயார்க்கில் புத்தகமாக வந்தபோதுதான் அவை சேர்ந்தன. கவிதை மட்டும் ஒரு புத்தகத்துக்குப் போதுமான நீளமில்லை என்பதும் ஒரு காரணம். போலிப் புலமை என்று பின்னாளில் அவரே அவற்றைக் கேலி செய்தார். முதல் வாசிப்பில் அந்தப் பக்கங்களை மூடியே வையுங்கள். கவிதையில் பேசுகிற குரல்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. அந்த மாற்றம் காதில் விழுந்தால் போதும்.

அடுத்தது, நம் ஊர்க்காரர்களுக்கே உரிய அவசரம். இறுதிப் பகுதியில் ‘தத்த, தயத்வம், தம்யத’ வருகிறது. உபநிடதம் என்று தெரிந்ததும் பெருமைப்பட்டுக்கொண்டு புத்தகத்தை மூடிவிடுகிறோம். எலியட் ஹார்வர்டில் சமஸ்கிருதம் படித்தவர், சும்மா அலங்காரத்துக்கு எடுக்கவில்லை. பிரகதாரண்யக உபநிடதத்தில் இடி ‘த’ என்று முழங்க, தேவர்கள் அதை ‘அடங்குங்கள்’ (தம்யத) என்றும், மனிதர்கள் ‘கொடுங்கள்’ (தத்த) என்றும், அசுரர்கள் ‘இரங்குங்கள்’ (தயத்வம்) என்றும் கேட்கிறார்கள். எலியட் இந்த வரிசையை மாற்றி, மனிதர்களுக்கானதை முதலில் வைத்து, அடக்கத்தைக் கடைசிக்குத் தள்ளினார். யோசிக்க வேண்டிய இடம் அதுதான்.

எலியட்டின் வாழ்க்கையையும் இப்படித்தான் தலைகீழாகப் படிக்கிறோம். அவர் ஆங்கிலிக்கன் திருச்சபையில் சேர்ந்ததும் பிரிட்டிஷ் குடிமகன் ஆனதும் 1927-இல். அந்த நம்பிக்கையை 1922-ஆம் ஆண்டுக் கவிதைக்குள் தேடினால் தேடியது கிடைத்துவிடும், கவிதை கை நழுவும். அப்போது அவர் லண்டனில் லாயிட்ஸ் வங்கி ஊழியர். 1921-இல் மனம் நொடிந்து விடுப்பெடுத்து மார்கேட் கடற்கரைக்கும், அப்புறம் சுவிட்சர்லாந்தின் லோசானுக்கும் போனார். மார்கேட் மணலில் எதையும் எதோடும் இணைக்க முடியவில்லை என்று கவிதையில் ஒரு குரல் புலம்புகிறது. ‘போருக்குப் பிந்தைய ஐரோப்பாவின் அவலம்’ என்று தேர்வுத்தாளில் எழுதுகிற ஒற்றை வரிக்குள் இது அடங்காது.

தனியொருவர் எழுதியது என்று நினைப்பதும் தவறு. நண்பரும் கவிஞருமான எஸ்ரா பவுண்ட் பக்கம் பக்கமாக வெட்டினார். மனைவி விவியன் சொன்ன ஒரு வரி அப்படியே கவிதையில் நிற்கிறது. 1971-இல் வெளியான கைப்பிரதிப் பதிப்பில் அந்தத் திருத்தங்களைப் பார்க்கலாம்.

சரி, எலியட்டின் இன்னொரு புகழ்பெற்ற கவிதையில் பேசுகிற புரூஃபிராக்? வயதாகிக்கொண்டிருக்கும் அந்தத் தயங்குகிற மனிதர்தான் எலியட் என்று நம்புகிறவர்கள் உண்டு. 1911-இல் அந்தக் கவிதையை எழுதி முடித்தபோது எலியட்டுக்கு வயது 22.